மண் மூடும் முன்னே குழாயைப் பாருங்கள்

சொட்டு நீர்ப் பாசனம் அமைத்துக்கொள்ளும் சிறு விவசாயிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு, அரசு நிர்ணயித்துள்ள செலவு வரம்புக்குள், முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் வழங்கப்பட்டு வருகின்றன. குழாய் பதித்து முடிந்ததும் அதைச் சரிபார்க்க ஓர் அலுவலர் தோட்டத்துக்கு வருகிறார். அவர் வருவதும், பார்ப்பதும், கையெழுத்திடுவதும் மானியத் தொகைக்கான ஒரு சடங்கு என்றே பலர் எண்ணுகிறார்கள். அது சடங்கு அல்ல. அடுத்த 10 ஆண்டுகளுக்கு உங்கள் பயிர் குடிக்கப் போகும் தண்ணீரைப் பற்றிய சோதனை அது.

வேளாண் பொறியியல் பட்டம் பெற்றபின், பல்கலைக்கழகப் பணிக்கு வருவதற்கு முன்பு, 1993 முதல் 1997 வரை அரசுத் துறை ஒன்றில் இந்தக் குழாய் ஆய்வு வேலையைத்தான் செய்து வந்தேன். அந்த அனுபவத்தில் கற்றவற்றையும், ஒரு தவறினால் கற்றதையும் விவசாய அன்பர்களுக்குச் சொல்வது பயன் தரும் என்று கருதுகிறேன்.

ஆய்வாளரின் வேலை

குழாய் ஆய்வாளரின் பையில் பெரிய கருவிகள் எதுவும் இராது. ஓர் அளவு நாடா, குழாயின் கனம் பார்க்கும் வெர்னியர் அளவுகோல், ஓர் அழுத்தமானி, மில்லி லிட்டர் குறியிட்ட ஒரு குடுவை, வினாடி முள் உள்ள கைக்கடிகாரம், தோட்டத்தின் வரைபடம் ஆகியவை போதும். எந்த நேரத்தில் மும்முனை மின்சாரம் வருகிறதோ அந்த நேரத்தில்தான் அவர் வேலை செய்ய முடியும். மின்சாரம் காலை 6 மணிக்கு என்றால் 6 மணிக்கு அவர் வரப்பில் நிற்க வேண்டும். மோட்டார் ஓடாத தோட்டத்தில் ஆய்வு என்பது வெறும் குழாயை எண்ணும் வேலைதான்.

வரைபடத்தில் உள்ள குழாய்தான் மண்ணிலும் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் கடமை. குழாயில் ஓடும் நீர் கடைசிச் செடி வரை சமமாகப் போகிறதா என்று அளப்பது இரண்டாவது கடமை. கிணற்றிலிருந்து போன நீர், உரத்தையோ மருந்தையோ சேர்த்துக்கொண்டு மீண்டும் கிணற்றுக்கே திரும்ப வழியிருக்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது கடமை. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் மறந்து விடுகிறோம்.

இந்த வேலையில் கடினமானது அளப்பது அல்ல, ‘சரியில்லை’ என்று சொல்வதுதான். வெயிலில் வந்தவருக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். இளநீரைக் குடித்த பிறகு குறை சொல்ல நாக்கு எழாது. அதனால் குறைகளை எல்லாம் சொல்லி முடித்த பிறகே இளநீரைக் கையில் வாங்குவது என்று பிற்காலத்தில் வழக்கப்படுத்திக் கொண்டேன். அதற்கு முன்பே ஒரு தவறு நடந்து விட்டது.

நான் போட்ட ஒரு கையெழுத்து

1995-ஆம் ஆண்டு. கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இரண்டரை ஏக்கர் வாழைத் தோட்டம். நான் போய்ச் சேரும்போது மாலையாகி விட்டது. மெயின் குழாய் பதித்த பள்ளம் முழுவதும் மூடி, மேலே மண் சமன் செய்யப்பட்டிருந்தது. குழாய் பதித்தவர், “பக்கத்துத் தோட்டத்தில் போட்ட அதே குழாய்தான் சார், அதை நீங்களே நேற்றுப் பார்த்தீர்கள்” என்றார். மோட்டார் ஓடியது. டிரிப்பர்களில் நீர் சொட்டியது. கடைசிப் பேருந்துக்கு நேரமாகி விட்டது. ஓரிடத்திலாவது தோண்டிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தோண்டாமலே கையெழுத்திட்டேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெரியவரும் திருப்திச் சான்றில் கையெழுத்திட்டார்.

1997 கோடையில், வாழை குலை தள்ளும் சமயத்தில், மெயின் குழாய் வெடித்தது. சொல்லி அனுப்பியதும் போனேன். வண்டிப் பாதையைக் கடக்கும் இடத்தில் தோண்டிப் பார்த்தால், 2 அடி ஆழத்தில் இருக்க வேண்டிய குழாய் ஒரு முழ ஆழத்தில்கூட இல்லை. வரைபடத்தில் எழுதியிருந்தது 4 கிலோ அழுத்தம் தாங்கும் குழாய். மண்ணுக்குள் இருந்தது 2.5 கிலோ குழாய். ஓரிடத்தை ஒட்டினால் அடுத்த நாள் வேறோரிடத்தில் வெடித்தது. கடைசியில் மெயின் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குள் தோட்டத்தின் கடைக்கோடியில் இருந்த வாழைகள் தண்ணீர் இல்லாமல் காய்ச்சலில் நின்றன. அந்தக் குலைகள் தேறவில்லை.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. “ஏனுங்க, நீங்க பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்கன்னுதானே நானும் போட்டேன்” என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. குழாய் பதித்தவர் மீது குற்றம் உண்டு என்பது உண்மையே. ஆனால் அவர் மூடியதைத் திறந்து பார்ப்பதற்குத்தான் அரசு எனக்குச் சம்பளம் கொடுத்தது. அதன்பின் வேலையில் இருந்த காலம் வரை, மூடிய பள்ளத்துக்கு நான் கையெழுத்திடவில்லை.

பள்ளம் திறந்திருக்கும்போது

ஆய்வாளர் வரும் வரை பள்ளத்தை முழுவதும் மூட விடாதீர்கள். ஆடு மாடு விழும் என்ற அச்சம் இருந்தால், குழாயின் நடுப்பகுதிகளை மட்டும் மண்ணிட்டு மூடி, இணைப்புகள் உள்ள இடங்களைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். கசிவு வருவது பெரும்பாலும் இணைப்பில்தான். நடுப்பகுதியின் மேல் மண் இருப்பதால், நீர் விடும்போது குழாய் எழும்பாமலும் இருக்கும். திறந்திருக்கும்போது கீழ்க்கண்டவற்றை நீங்களே பார்க்கலாம்.

1. எழுத்து: பி.வி.சி. குழாயின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 4985 என்ற தர எண்ணும், உற்பத்தியாளர் பெயரும், வெளி விட்டமும், தாங்கும் அழுத்தமும் அச்சிட்டிருக்கும். 63 மி.மீ. 4 கிலோ என்று வரைபடத்தில் இருந்தால் குழாயிலும் அதுவே இருக்க வேண்டும். ஒரு குழாயை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. பள்ளம் நெடுக நடந்து, ஒவ்வொரு குழாயையும் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லலாம்.

4 கிலோ என்பது என்ன? ஒரு கிலோ அழுத்தம் என்பது 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். எனவே 4 கிலோ குழாய் 40 மீட்டர் உயரத் தண்ணீரையும், 2.5 கிலோ குழாய் 25 மீட்டர் உயரத் தண்ணீரையும் தாங்கும். மோட்டார் கொடுக்கும் அழுத்தத்துடன், திடீரென மின்சாரம் நிற்கும்போது ஏற்படும் அதிர்வையும் குழாய் தாங்கியாக வேண்டும். அதனால்தான் கனம் குறைந்த குழாய் முதல் வருடம் தாக்குப்பிடித்துப் பிறகு வெடிக்கிறது.

2. ஆழம்: மெயின் குழாயும் துணைக் குழாயும் 2 அடி ஆழத்தில் இருக்க வேண்டும். டிராக்டர் கலப்பையும் வண்டிச் சக்கரமும் அப்போதுதான் குழாயைத் தொடாது. பாதையைக் கடக்கும் இடங்களை அளவு நாடா கொண்டு அளந்தே பார்க்க வேண்டும்.

3. மெத்தை: பள்ளத்தின் அடியில் கூர்மையான கல் இருக்கக் கூடாது. பாறைப் பாங்கான நிலத்தில் மணலோ மென்மையான மண்ணோ பரப்பி, அதன்மேல் குழாயை வைத்து, மேலேயும் அதே மண்ணால் ஓரளவு மூடிய பிறகே கல் கலந்த மண்ணைத் தள்ள வேண்டும்.

4. இணைப்பு: குழாய் முனையை நேராக அறுத்து, பிசிறு நீக்கி, துணியால் துடைத்து, இரு பக்கமும் பசை தடவிச் செருக வேண்டும். சில இடங்களில் வைக்கோலைக் கொளுத்தி, குழாய் முனையை வாட்டி விரித்து, மற்றொரு குழாயைச் செருகி விடுகிறார்கள். வாட்டிய இடத்தில் குழாயின் சுவர் மெலிந்து விடுகிறது. முனை கருகியிருந்தால் அந்த இணைப்பை ஏற்காதீர்கள். பசை ஒட்டிய பின் ஒரு நாள் கழித்தே முழு அழுத்தத்தில் நீர் விட வேண்டும்.

5. வடிகட்டி: கிணற்று நீரில் பாசி இருந்தால் மணல் வடிகட்டி தேவை. ஆழ்குழாய்க் கிணற்றில் மணல் வந்தால், மணலைச் சுழற்றிப் பிரிக்கும் வடிகட்டி முதலில் வர வேண்டும். உரம் கலக்கும் வென்சுரி மணல் வடிகட்டிக்குப் பின்னும், வலை வடிகட்டிக்கு முன்னும் இருக்க வேண்டும். கரையாத உரத்துகள் அப்போதுதான் வலையில் நின்று விடும். வடிகட்டியின் மேல் உள்ள அம்புக்குறி நீர் போகும் திசையைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். வலை வடிகட்டியைத் திருப்பிப் பொருத்திய தோட்டங்கள் சிலவற்றை நானே பார்த்திருக்கிறேன்.

டம்ளர் சோதனை

பள்ளத்தைப் பார்த்த பிறகு மோட்டாரைப் போட வேண்டும். முதலில் துணைக் குழாய்களின் கடைசி வால்வையும், பக்கக் குழாய்களின் முனை அடைப்பையும் திறந்து, கலங்கல் நீங்கித் தெளிந்த நீர் வரும் வரை ஓட விட வேண்டும். பதிக்கும்போது உள்ளே விழுந்த பி.வி.சி. தூளும் மண்ணும் அப்போது வெளியேறும். இதைச் செய்யாமல் முனையை அடைத்தால் புதிய டிரிப்பர்கள் முதல் நாளே அடைத்துக் கொள்ளும்.

பின்னர் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அரை கிலோவுக்கு மேல் இருந்தால் வடிகட்டியைக் கழுவ வேண்டும். சாதாரண டிரிப்பர்கள் ஒரு கிலோ அழுத்தத்தில் குறித்த அளவு நீரைத் தருமாறு செய்யப்பட்டவை. அந்த அழுத்தம் கடைசிப் பக்கக் குழாயிலும் ஏறக்குறைய இருக்க வேண்டும்.

அடுத்தது, எந்த விவசாயியும் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டு செய்யக்கூடிய சோதனை. மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் 3 நிமிடத்தில் 200 மில்லி நீர் தர வேண்டும். அதாவது ஒரு டம்ளர். வாய்க்காலில் முதல் பயிருக்கும் கடைசிப் பயிருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். சொட்டு நீரில் அது கண்ணுக்குத் தெரியாது. எல்லா இடத்திலும் சொட்டுவது போலவே தோன்றும். அளந்தால்தான் தெரியும்.

தோட்டத்தில் முதல் பக்கக் குழாய், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒன்று, மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒன்று, கடைசிப் பக்கக் குழாய் என நான்கைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் அதேபோல் நான்கு டிரிப்பர்கள். மொத்தம் 16 இடங்கள். ஒவ்வொன்றின் கீழும் சரியாக 3 நிமிடம் பாத்திரம் வைத்துப் பிடித்து, அளந்து எழுதிக் கொள்ளுங்கள்.

கணக்கு எளிது. உதாரணமாக, 16 அளவுகளின் கூட்டுத்தொகை 3,040 மில்லி என்றால் சராசரி 190 மில்லி. மிகக் குறைந்த நான்கு அளவுகள் 168, 160, 156, 152 என்றால் அவற்றின் சராசரி 159 மில்லி. 159-ஐ 190-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 84 வரும். இதுவே நீர்ப் பரவலின் சீர்மைச் சதவீதம். 90-க்கு மேல் இருந்தால் மிக நன்று. 80 முதல் 90 வரை நன்று. புதிதாக அமைத்த தோட்டத்திலேயே 80-க்குக் குறைந்தால் காரணத்தைக் கண்டு சரிசெய்யச் சொல்ல வேண்டும். 70-க்கும் குறைந்தால் கையெழுத்திடவே கூடாது. துணைக் குழாய் தேவைக்குச் சிறியதாக இருக்கலாம், பக்கக் குழாய் அளவுக்கு மீறி நீண்டிருக்கலாம், எங்கேனும் கசிவு இருக்கலாம்.

கிணற்றுக்குத் திரும்பும் தண்ணீர்

இனி மூன்றாவது கடமை. நகரங்களில் குழாய் ஆய்வாளர்கள் மிகக் கண்டிப்பாகப் பார்ப்பது, குடிநீர்க் குழாய்க்குள் கழிவு நீர் திரும்பிப் புக வழியிருக்கிறதா என்பதைத்தான். நம் தோட்டங்களில் பயிருக்கும் வீட்டுக்கும் பெரும்பாலும் ஒரே கிணறு. அதனால் அந்தக் கண்டிப்பு இங்கும் தேவை.

வென்சுரி வழியாக யூரியாக் கரைசல் போய்க் கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? மெயின் குழாயில் இருக்கும் நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, அதாவது கிணற்றை நோக்கித் திரும்பும். அடி வால்வு பழுதாகியிருந்தால் உரநீர் கிணற்றில் கலக்கும். யூரியா மண்ணிலும் நீரிலும் நைட்ரேட்டாக மாறும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரில் பால் கரைத்துக் கொடுத்தால் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் சக்தியை இழந்து, உடல் நீலம் பாரிக்கக் கூடும். அந்த நீரைக் காய்ச்சுவதால் பயனில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய நைட்ரேட்டின் செறிவு கூடத்தான் செய்யும்.

தடுக்கும் வழி சிக்கனமானது. மோட்டாருக்கு அடுத்து, உரம் கலக்கும் இடத்துக்கு முன்பாக, நீரை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும். அதில் உள்ள அம்புக்குறி தோட்டத்தை நோக்கி இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் குழாயை உரம் கலக்கும் இடத்துக்குப் பின்னால் ஒருபோதும் பிரிக்கக் கூடாது. வீட்டுத் தொட்டியில் நீர் விழும் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேல், குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு உயரத்திலாவது அது இருக்க வேண்டும். இடையில் காற்று இருந்தால் எந்த நீரும் திரும்ப ஏறாது. எந்த வால்வைக் காட்டிலும் நம்பகமானது இந்தக் காற்று இடைவெளி. இதற்குச் செலவும் இல்லை.

மருந்து தெளிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். பூச்சி மருந்து கலக்கும் பீப்பாய்க்குள் ஹோஸ் குழாயைப் போட்டுவிட்டு, நிரம்பட்டும் என்று வேறு வேலை பார்க்கப் போவது பலரின் வழக்கம். அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால், மருந்து கலந்த நீரைக் குழாயே உறிஞ்சிக் கிணற்றுக்குக் கொண்டு போகும். ஹோஸின் முனையைப் பீப்பாயின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டி வையுங்கள். நீர் நிரம்பிய பின்பே மருந்தை ஊற்றுங்கள்.

கையெழுத்திடும் முன்

ஆய்வு அலுவலர் வரும் நாளில் விவசாயி செய்ய வேண்டியவை இவை.

வரைபடத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு குழாயின் விட்டமும் அழுத்தமும் நீளமும் எழுதியிருக்க வேண்டும்.

மின்சாரம் இருக்கும் நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்தில் வரும்படி அலுவலரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

அவர் நடக்கும் இடமெல்லாம் நீங்களும் நடங்கள். பம்ப் அறைத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். அவர் டம்ளர் பிடிக்கவில்லை என்றால், “ஐயா, கடைசி வரிசையில் அளந்து பார்க்கலாமா?” என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல அலுவலர் இதனால் கோபப்பட மாட்டார். மகிழ்ச்சியே அடைவார்.

பள்ளத்தை ஏற்கனவே மூடியிருந்தால், அவர் சொல்லும் இரண்டு இடங்களில் தோண்டிக் காட்ட ஓர் ஆளையும் மண்வெட்டியையும் தயாராக வையுங்கள். ஒரு மணி நேர வேலை அது.

குறை இருந்தால், சரிசெய்த பிறகே திருப்திச் சான்றில் கையெழுத்திடுங்கள். ‘இப்போது போடுங்கள், அடுத்த வாரம் மாற்றித் தருகிறோம்’ என்ற வார்த்தைக்கு இடம் கொடாதீர்கள். கையெழுத்து விழுந்த பின் அந்த அடுத்த வாரம் பெரும்பாலும் வருவதில்லை.

மூடும் முன் குழாய் போகும் பாதையை ஒரு தாளில் வரைந்து, கிணற்று மேட்டிலிருந்து இத்தனை அடி, தென்னை மரத்திலிருந்து இத்தனை அடி என்று குறித்து வையுங்கள். நாளை உங்கள் மகன் தோண்ட நேர்ந்தால் அந்தத் தாள் உதவும்.

ஆய்வாளர் உங்கள் மானியத்தை நிறுத்த வந்தவர் அல்லர். உங்கள் கண்ணுக்குத் துணையாக வந்த இன்னொரு கண் அவர். அவர் அவசரப்பட்டால் நிதானப்படுத்துவது உங்கள் உரிமை. 1997-இல் அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை, மண் மூடும் முன்பே என்னிடம் யாராவது கேட்டிருந்தால், நான் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்திருப்பேன். உங்கள் தோட்டத்துக்கு வரும் அலுவலரிடம் அந்தக் கேள்வியை நீங்கள் முன்னதாகவே கேட்டுவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.